ஒன்றாம் எண் பென்ட்லியின் உதிரிபாகங்கள்

ஓய்வுபெற்ற பந்தயக்காரை முழுதாக வாங்குவதற்கு ஆள் கிடைப்பது எப்போதுமே அரிது. அதைச் சாலையில் ஓட்ட இயலாது. வீட்டாரை ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போகவும் முடியாது. அது ஓடிய பந்தயப் பிரிவின் விதிகள் அடுத்த ஆண்டே மாறிவிட்டால் போட்டியிலும் அதற்கு இடமில்லை. ஆனால் அதே வண்டியைக் கொட்டகையில் நிறுத்திப் பிரித்துப்போட்டால் நிலைமை வேறு. கியர்பெட்டிக்கு ஒருவர், பிரேக் தட்டுகளுக்கு ஒருவர், மெக்னீசியச் சக்கரங்களுக்கு ஒருவர், ஷாக் அப்சார்பர்களுக்கு இன்னொருவர் என்று வாங்குவோர் வந்து சேர்வார்கள். முழு வண்டிக்குக் கிடைக்கும் விலையைவிடத் துண்டுகளின் கூட்டுத்தொகை பெரும்பாலும் அதிகம். சென்னை வாசகர்களுக்குப் புதுப்பேட்டையை நினைவூட்டினாலே போதும், மேலே விளக்க வேண்டியதில்லை.

ஆனால் புதுப்பேட்டைச் சரக்குக்கும் பந்தயச் சரக்குக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பந்தயக்காரின் பாகங்களுக்கு ஆயுள் மணிக்கணக்கில் எண்ணப்படுகிறது. வெளியே பளபளக்கும் ஓர் அச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருக்கலாம். அதைக் கண்டறிய, சாயத்தைப் பூசி, துடைத்துவிட்டு, விரிசலுக்குள் தங்கிய சாயம் மீண்டும் கசிந்து வருகிறதா என்று பார்க்கிறார்கள். உலக மோட்டார் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற இருக்கைப் பட்டைகளில் காலாவதி ஆண்டே தைக்கப்பட்டிருக்கும். அதன்பின் அவை புதியவைபோல் இருந்தாலும் போட்டிக்கு உதவா. ஆகவே வாங்குபவர் முதலில் கேட்பது இது எத்தனை மணிநேரம் ஓடியது, எந்தப் பந்தயத்தில் ஓடியது, விபத்து ஏதும் உண்டா என்பதைத்தான். உலோகத்தோடு சேர்த்து அதன் வரலாறும் விற்கப்படுகிறது. விற்பவர் சொல்லும் வரலாறு பொய்யானால் அதற்கு விலையாக ஓர் உயிர்கூடப் போகலாம்.

இந்த வியாபாரம் பந்தயத்தைப் போலவே பழையது. 1935இல் ஃபெராரியின் அணி மோதெனாவில் ஒரு விசித்திரமான ஆல்ஃபா ரோமியோவை உருவாக்கியது. ஓட்டுநருக்கு முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் ஓர் எஞ்சின். 'பிமோட்டோரே' என்று பெயர். நுவோலாரி அதை மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிக்காட்டினார். ஆனால் அது டயர்களைத் தின்று தீர்த்தது, பந்தயங்களில் சோபிக்கவில்லை. பின்னர் அது கைமாறி இங்கிலாந்துக்குப் போனபின் வண்டியை இரண்டாக அறுத்துவிட்டார்கள். முன்பாதியைக் கொண்டு ஒற்றை எஞ்சின் கார் ஒன்று உருவாயிற்று. போர் முடிந்தபின்னும் அந்த அரைவண்டி பந்தயங்களில் ஓடியது. இன்று அருங்காட்சியகத்தார் இதைப் படித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு அது சாதாரண வீட்டுச் சிக்கனம், பழைய புடவையைத் தொட்டிலாகக் கட்டுவதைப்போல.

காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சின்களின் கதையும் இப்படித்தான். 1967இல் ஜிம் கிளார்க்கின் லோட்டஸில் முதல் வெற்றியைக் கண்ட அந்த மூன்று லிட்டர் எஞ்சின், பணம் கொடுத்தவர்க்கெல்லாம் கிடைத்தது. சிறிய அணிகளும் வென்றது அதனால்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் டர்போ எஞ்சின்கள் வந்து அதை வெளியே தள்ளின. பட்டறைகள்தோறும் நல்ல எஞ்சின்கள் வேலையற்றுக் கிடந்தன. அவற்றைப் பயன்படுத்துவதற்கென்றே 1985இல் ஃபார்முலா 3000 என்ற புதிய போட்டிப் பிரிவு ஏற்பட்டது என்றால் மிகையாகாது. சுழற்சியை நிமிடத்துக்கு 9000க்குள் கட்டுப்படுத்தி எஞ்சின்களின் ஆயுளை நீட்டினார்கள். முதலாண்டில் சில அணிகள் ஓய்வுபெற்ற ஃபார்முலா ஒன் வண்டிகளையே கொண்டுவந்து நிறுத்தின. பழைய இரும்பு ஒரு விளையாட்டையே தோற்றுவித்தது.

இந்த வியாபாரத்தில் ஒரு வண்டியின் கதை மட்டும் என்னைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. அது பிரிட்டிஷ் பென்ட்லி நிறுவனத்தின் ஸ்பீட் சிக்ஸ் பந்தயக்கார். 'ஓல்ட் நம்பர் ஒன்' என்பது அதன் செல்லப்பெயர். பழைய ஒன்றாம் எண் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பென்ட்லி நிறுவனத்தை 1919இல் டபிள்யூ. ஓ. பென்ட்லி தொடங்கினார். நல்ல பொறியாளர், பணத்தோடு மட்டும் அவருக்கு ஒத்துவரவில்லை. இருபதுகளின் நடுவில் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது வுல்ஃப் பர்னாட்டோ என்ற செல்வந்தரின் பணம். கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் தந்தை சேர்த்தது. வெறும் முதலாளியாக உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை, தானே ஓட்டினார். பிரான்சின் ல மான் நகரில் நடக்கும் 24 மணிநேரப் பந்தயத்தில் மூன்றுமுறை கலந்துகொண்டார். 1928, 1929, 1930 என்று மூன்றுமுறையும் வென்றார். பின்னிரண்டு வெற்றிகளும் ஒன்றாம் எண் வண்டியில் கிடைத்தவை. 1929இல் டிம் பிர்கின் துணை, 1930இல் கிளென் கிட்ஸ்டன். முதல்முறையாக ஒரே கார் இருமுறை ல மானை வென்றது என்று அன்றுமுதல் எழுதிவருகிறார்கள்.

ஒரே கார் என்ற சொல்லில்தான் பிற்கால வழக்கு முழுவதும் கருக்கொண்டிருந்தது. 1929ஆம் ஆண்டு மட்டும் அந்த வண்டி ல மானைத் தவிர பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பல நெடும்பந்தயங்களில் ஓடியது. ஒவ்வொன்றுக்குப் பின்னும் பட்டறையில் பிரிக்கப்பட்டது. தேய்ந்தது கழன்றது, புதியது ஏறியது. எது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று எதிர்காலத்து வழக்கறிஞர்களுக்காகக் குறித்துவைக்க வேண்டுமென்று எந்த மெக்கானிக்குக்குத் தோன்றியிருக்கும்? அடுத்த பந்தயத்துக்கு வண்டி தயாராக வேண்டும், அவ்வளவே.

1930 வெற்றியோடு நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகியது. மறு ஆண்டு ஜூலையில் பென்ட்லி நொடித்துப்போயிற்று. நவம்பரில் ரோல்ஸ்-ராய்ஸ் அதை வாங்கியது. பணியிலிருந்து விடுபட்ட ஒன்றாம் எண், தனியார் வண்டியாகத் தொடர்ந்து ஓடியது. 1931இல் புரூக்லண்ட்ஸ் 500 மைல் பந்தயத்தை ஜாக் டன்ஃபீயும் சிரில் பாலும் அதில் வென்றார்கள். அடுத்த ஆண்டு, இன்னும் வேகம் வேண்டுமென்று ஆறரை லிட்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, பென்ட்லியின் மிகப்பெரிய எட்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள்.

புரூக்லண்ட்ஸ் லண்டனுக்கு அருகே, 1907இல் திறக்கப்பட்ட கான்கிரீட் தடம். வளைவுகளில் சுவரைப்போல உயர்ந்து நிற்கும் சரிவு; வேகம் கூடக்கூட வண்டி சரிவின் மேல்விளிம்பை நோக்கி ஏறும். 1932 செப்டம்பர் 24ஆம் நாள், அதே 500 மைல் பந்தயம். முதலில் ஜாக் ஓட்டினார். பிறகு அவர் தம்பி கிளைவ் ஓட்டும் முறை. நடிகை ஜேன் பாக்ஸ்டரை மணந்திருந்த இளைஞர். சரிவின் மேற்பகுதியில் வேறொரு வண்டியைக் கடக்கும்போது சக்கரம் விளிம்பைத் தாண்டிவிட்டது. வண்டி மரங்களுக்கிடையே பாய்ந்து கீழே உருண்டது. கிளைவ் அங்கேயே இறந்தார்.

நொறுங்கிய வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பவில்லை. பர்னாட்டோவுக்காக அது மூடிய கூடு கொண்ட சாலைக்காராக மறுபடி கட்டப்பட்டது. மனிதன் இறந்த வண்டியை ஏன் அழிக்கவில்லை என்று நாம் கேட்கலாம். எட்டு லிட்டர் எஞ்சின் விலையுயர்ந்த பொருள். மொத்தம் நூறு கார்களுக்கே செய்யப்பட்டது. அக்காலத்துப் பந்தய உலகின் மனநிலையும் அதில் இருக்கிறது. இறுகிய மனம் என்று அதைச் சொல்லத் தோன்றவில்லை. சாவு அவர்களுக்கு மிக அருகிலேயே இருந்ததால் இரும்பின்மேல் அவர்கள் கோபம் கொள்ளவில்லை.

பிறகு நீண்ட அமைதி. போருக்குப் பிந்தைய பல ஆண்டுகளில் ஓய்வுபெற்ற பந்தயக்கார்கள் மலிவாகவே கிடைத்தன. அறுபதுகளின் ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று டெக்சாஸில் ஒரு பள்ளிக்கு நன்கொடையாகப் போய், மாணவர்கள் பழுதுபார்க்கும் பாடம் படிக்க உதவியிருக்கிறது. அதே வகைக் கார் ஒன்று 2018இல் ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. எண்பதுகளில்தான் இந்த விலையேற்றத்தின் வெறி தொடங்கியது. அந்த வெறியின் நடுவில் பழைய ஒன்றாம் எண்ணும் சந்தைக்கு வந்தது. சாலைக்காரின் கூடு களையப்பட்டு, மீண்டும் பந்தய உருவம் பெற்ற வண்டி. ஜப்பானியர்க்குச் சொந்தமான மிடில்பிரிட்ஜ் நிறுவனம் அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டது, பிறகு பின்வாங்கியது. இது ல மானை வென்ற வண்டியே அல்ல என்பது அவர்கள் வாதம். வழக்கு லண்டன் உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1990 ஜூலையில் நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார்.

அந்தத் தீர்ப்பில் ஒரு பட்டியல் வருகிறது. பிணக்கூறு அறிக்கையைப் படிப்பதுபோல இருக்கும். 1929இன் வண்டியிலிருந்து, காலம் கணிக்கமுடியாத சில சில்லறைப் பொருத்துகளைத் தவிர, எதுவுமே எஞ்சவில்லை. 1930இன் வண்டியிலிருந்து எஞ்சியவை மூன்று: பெடல் தண்டு, கியர்பெட்டியின் கூடு, ஸ்டீயரிங் தண்டு. அடிச்சட்டம், ஸ்பிரிங்குகள், முன்னச்சு, பின் பிரேக்குகள், எட்டு லிட்டர் எஞ்சின் முதலியவை 1932இன் வண்டிக்கு உரியவை.

இந்த இடத்தில் நம் வாசகர்களுக்கு மிலிந்தரும் நாகசேனரும் நினைவுக்கு வராமலிருக்க மாட்டார்கள். 'நான் தேரில் வந்தேன்' என்கிறார் கிரேக்க மன்னர். அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர் என்று ஒவ்வொன்றாய்க் கேட்கிறார் பௌத்தத் துறவி. எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்ட மன்னர், இவையெல்லாம் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்று கடைசியில் தாமே சொல்லவேண்டியதாகிறது. பாலி மொழி நூலின் அந்த உரையாடலை ஆட்டன் படித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெயரை எதில் கட்டுவது என்ற அதே கேள்விக்கு அவர் தம் வழியில் விடை கண்டார். இதை மூல வண்டி என்று சொல்லமுடியாது, மூலப் பாகங்கள் இல்லை. போலி என்றும் சொல்லமுடியாது, இடத்தைப் பிடிக்க வேறொரு வண்டி எப்போதும் வந்ததில்லை. பாகங்கள் மெல்ல மெல்ல, நீண்ட காலத்தில், ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குள் கலந்தன. அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை. எனவே ஒன்றாம் எண் என்ற பெயருக்கு உரிமையுள்ள வண்டி இதுவே, வாங்கியவர் சொன்ன சொல்லைக் காக்கவேண்டும் என்று தீர்த்தார்.

சட்டத்தின் நோக்கில் இது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். வேறுவிதமாகத் தீர்த்திருந்தால், உழைத்து ஓடிய எந்தப் பந்தயக்காருக்கும் பெயர் மிஞ்சியிருக்காது. ஓடாமல் கொட்டகையில் நின்றவை மட்டுமே உண்மையானவை என்றாகியிருக்கும். இன்னொரு பக்கமும் உண்டு. சாதாரண பென்ட்லி கார்களின் கூட்டைக் களைந்து எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தின்மேல் ல மான் வண்டியின் உருவத்தைக் கட்டி ஓட்டுவது இன்று பெரிய தொழில். சில புகழ்பெற்ற பந்தயக்கார்களின் விஷயத்தில், விற்றுப்போன உதிரிபாகங்களை அங்குமிங்கும் தேடிச் சேர்த்து ஒருவர் ஒரு வண்டியைக் கட்ட, மிச்சத்தை வைத்து இன்னொருவர் வேறொன்றைக் கட்ட, ஒரே அடிச்சட்ட எண்ணுக்கு இரண்டு வண்டிகள் உரிமை கொண்டாடும் வேடிக்கையும் நடக்கிறது. வரலாறு அறுபடாததா என்ற ஆட்டனின் உரைகல் அங்கேதான் பயன்படும்.

எனக்கு நெருடலாக இருப்பது வேறொன்று. ஒரு கோடி பவுண்டு பேசப்பட்டது பர்னாட்டோவின் இரண்டு ல மான் வெற்றிகளுக்காக. அந்த வெற்றிகளின் உலோகம் ஏறத்தாழ முழுவதும் கரைந்துவிட்டது. நீதிபதியின் பட்டியலில் கனமாக எஞ்சி நிற்பது 1932ஆம் ஆண்டு. அதாவது கிளைவ் டன்ஃபீ புரூக்லண்ட்ஸ் விளிம்பைத் தாண்டிய வண்டி. அவர் மிதித்து விரட்டிய அந்த எட்டு லிட்டர் எஞ்சின். பெயர் ஒருவருடையது, இரும்பு இன்னொருவருடையது. விலை பேசிய இருதரப்பிலும் இதை யாராவது யோசித்திருப்பார்களா என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

1930இலிருந்து எஞ்சிய மூன்று பாகங்களையும் கவனியுங்கள். பெடல் தண்டு காலுக்கு உரியது. ஸ்டீயரிங் தண்டு கைக்கு உரியது. கியர்பெட்டி கைக்கும் காலுக்கும் இடையே. பர்னாட்டோவும் கிட்ஸ்டனும் 24 மணிநேரம் மாறிமாறி உழைத்தது இவற்றோடுதான். இரண்டாண்டுகளுக்குப் பின் கிளைவின் கையும் காலும் கடைசியாக இருந்ததும் இவற்றின்மேல்தான்.