இரண்டு முறை போட்ட கணக்கு

1790-களில் பாரிஸில் ப்ரோனி என்ற பொறியாளர் மடக்கை அட்டவணை தயாரித்தார். பெருங்கணக்கை வெறும் கூட்டல் கழித்தலாகத் துண்டாக்கிப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் இரண்டு குழுக்கள் தனித்தனியே போட்டன, பிறகு ஒப்பிட்டார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை.

1999-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய 'செட்டி அட் ஹோம்' திட்டமும் இதே வழிதான். வேற்றுலக சமிக்ஞையைத் தேடும் கணக்கைத் தன்னார்வலர்களின் கணினிகள் பங்கிட்டுக்கொண்டன. 2019-இல் ஏஎம்டியின் 64 கோர் சர்வர் பிராசசர் வந்தது. கோருக்கு ஒரு துண்டு என்று வைத்தாலும் ஒரே பெட்டிக்குள் 64 குமாஸ்தாக்கள்! ஆனாலும் 2020-இல் துண்டுகள் அனுப்புவது நிற்கும் வரை, அதே துண்டு முகம் தெரியாத இன்னொருவர் கணினிக்கும் போனது. இரண்டு விடையும் ஒத்தால்தான் செல்லுபடியானது.

அலுவலகத்தில் என் கூட்டலை இன்னொருவர் மறுபடி போட்டபோது, என்மேல் சந்தேகமா என்று கோபப்பட்டிருக்கிறேன். முகம் தெரியாதவர் உழைப்பையும் நம்பி ஏற்க அதுதான் வழி என்று இப்போது புரிகிறது.