அலாஸ்கா பழங்குடி அறிவும் பள்ளி அறிவியலும்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் யூப்பிக், இனுப்பியாக், அத்தபாஸ்கன் முதலிய பழங்குடியினரின் சுற்றுச்சூழல் அறிவைப் பள்ளி அறிவியலுடன் இணைக்கும் கல்வி முயற்சி.

வரலாறு: ஃபேர்பேங்க்ஸில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யூப்பிக் அறிஞர் ஆஸ்கர் கவாக்லி (1934–2011) இதன் முன்னோடிகளுள் ஒருவர். யூப்பிக் உலகநோக்கு பற்றிய அவரது நூல் 1995-இல் வெளிவந்தது. அதே ஆண்டில், ரே பார்ன்ஹார்ட் உள்ளிட்டோருடன் அவர் வழிநடத்திய ஊரகக் கல்விச் சீரமைப்புத் திட்டம், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் தொடங்கியது. பண்பாட்டுக்கு இசைந்த பள்ளிகளுக்கான தரநிலைகளைப் பழங்குடிக் கல்வியாளர்கள் 1998-இல் ஏற்றனர்.

கற்பிக்கும் முறை: பாடம் உள்ளூர்த் தொழிலிலிருந்து தொடங்கும். சால்மன் மீன் உலர்த்துவது ஓர் எடுத்துக்காட்டு. சதையில் நெருக்கமாகக் கீறினால் காற்றுப்படும் பரப்பு கூடி, ஈரம் விரைவில் வெளியேறும். புகை ஈக்களை விரட்டும். இக்கைப்பக்குவத்தை ஊர்ப் பெரியவர்கள் செய்துகாட்டுவர். மாணவர்கள் மீன் துண்டுகளை நாள்தோறும் எடைபோட்டு, வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம் ஆகியவற்றுடன் ஒப்பிட்டு வரைபடம் வரைவர். ஆற்றுப் பனிக்கட்டியின் உறுதியைக் கணித்தல், பனியின் வெப்பக்காப்புத் திறனை அளத்தல் ஆகியவையும் இவ்வகைப் பாடங்களே.

சிக்கல்கள்: பெரியவர்களின் அறிவு இடத்தோடும் பருவத்தோடும் ஒழுக்க நெறியோடும் பிணைந்தது. அதிலிருந்து தகவலை மட்டும் உருவியெடுத்துப் பாடநூலில் சேர்த்தால் அதன் பொருள் குன்றிவிடும். எதை வெளியிடலாம், யார் கற்பிக்கலாம் என்பதற்கு அந்தந்தச் சமூகத்தின் ஒப்புதல் தேவை. நிலையான பள்ளி அட்டவணையும் மீன்பிடிப் பருவமும் ஒத்துப்போகாததும் நடைமுறைத் தடையாகும்.