பனிக்காகப் பிறக்காத மூடி

டீசல் லாரி இன்ஜினின் பக்கவாட்டில் படிந்த எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், வரிசையாகச் சில வட்டங்கள் தெரியும். நடுவில் குழிந்த, சோடா மூடியைவிடப் பெரிய உலோக மூடிகள். அமெரிக்க மெக்கானிக்குகள் இதை ‘ஃப்ரீஸ் பிளக்’ என்பார்கள். பிரிட்டிஷ் வழக்கில் ‘கோர் பிளக்’. ‘வெல்ச் பிளக்’ என்றும் ஒரு பெயர் உண்டு. இரண்டாவது பெயர் அதன் பிறப்பைச் சொல்கிறது, மூன்றாவது ஒரு குடும்பத்தை. முதல் பெயர் மட்டும் செய்யாத வேலையைச் செய்வதாகச் சொல்கிறது. அந்தப் பெயரை நம்பி இன்ஜின் பிளாக்கையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறப்பிலிருந்து ஆரம்பிப்போம். இன்ஜின் பிளாக் என்பது உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றிச் செய்வது. சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓட ஒரு வெற்றிடம் வேண்டும். இரும்புக்குள் வெற்றிடத்தை எப்படி உண்டாக்குவது? அந்த வெற்றிடத்தின் வடிவத்திலேயே மணலைப் பிசைந்து இறுக்கி அச்சுக்குள் வைப்பார்கள். இதுதான் ‘கோர்’. அது அந்தரத்தில் நிற்காது, ஏதாவது தாங்க வேண்டும். அதனால் கோரிலிருந்து சில கால்கள் வெளிப்பக்கம் வரை நீளும். இரும்பு ஆறியதும் கோரை உடைத்து மணலைக் கொட்டுவார்கள். கால்கள் இருந்த இடத்தில் ஓட்டைகள் மிஞ்சும், மணல் வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் இந்த மூடி. பனிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆரம்பகால இன்ஜின்களில் இந்த ஓட்டைகளை மரை வெட்டிய பிளக்கால் திருகி அடைத்தார்கள். 1900களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வெல்ச் சகோதரர்கள் கார் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு சோதனை ஓட்டத்தில் அப்படியொரு பிளக் கழன்று விழ, வண்டியை வீடு சேர்க்க ஒரு நாணயத்தை ஓட்டையில் வைத்து அடித்து இறுக்கினார்கள் என்றொரு கதை உண்டு. கதை எப்படியோ, சூத்திரம் உண்மையானது. லேசாகப் புடைத்த தட்டை ஓட்டையில் வைத்து நடுவில் ஓங்கித் தட்டினால் புடைப்பு தட்டையாகும், விட்டம் விரியும், விளிம்பு சுவரைக் கவ்விக்கொள்ளும். மரை வேண்டாம், செலவும் குறைவு. பின்னால் கிண்ண வடிவ மூடி வந்தது. ஓட்டையைவிட ஒரு மயிரளவு பெரிதாகச் செய்து அடித்து உள்ளே இறக்குவது. இன்று லாரி இன்ஜின்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

பனிப் பெயர் குளிர்நாடுகளில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றிய காலத்தில், ராத்திரி அதை வடித்துவிட மறந்த டிரைவர் காலையில் இந்த மூடிகள் வெளியே பிதுங்கியிருப்பதைப் பார்த்தார். சில நேரம் பிளாக் தப்பித்திருந்தது. உடனே, ‘பிளாக்கைக் காப்பாற்றத்தான் கம்பெனிக்காரன் இதை வைத்திருக்கிறான்’ என்று முடிவுகட்டினார்கள்.

ஆனால் பனிக்கட்டி மூடியைத் தேடிப் போய்த் தள்ளுவதில்லை. குறுகலான பாதைகள் முதலில் உறைந்து அடைத்துக்கொண்டால், நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்கு மூடி வரை போக வழி இல்லை. அது உறைந்து விரியும்போது பக்கத்திலிருக்கும் வார்ப்பிரும்புச் சுவரைப் பிளக்கும். மூடி பிதுங்கி, பிளாக்கும் வெடித்திருப்பது உண்டு. மூடி அசையாமல் பிளாக் மட்டும் வெடிப்பதும் உண்டு.

உண்மையான காவல் வேறு இடத்திலிருந்து வந்தது. முதலில் ஆல்கஹால் கலந்தார்கள், இன்ஜின் சூட்டில் அது ஆவியாகிப் போனது. 1927இல் அமெரிக்காவில் ‘பிரஸ்டோன்’ என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் விற்பனைக்கு வந்தது. டீசலுக்கு இன்னொரு தொல்லை. அதில் தீப்பொறி கிடையாது, அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் எரிபொருள் பற்ற வேண்டும். சில்லிட்ட பிளாக் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். வடக்கு டக்கோட்டாவில் கிராம மின் கூட்டுறவு ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ ஃப்ரீமேன், சிலிண்டர் ஹெட்டின் ஒரு போல்ட்டுக்குப் பதிலாக மாட்டும் மின்சூடேற்றிக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். பிறகு வந்த ஹீட்டர்களில் பல, மூடியைக் கழற்றிவிட்டு அதே கோர் ஓட்டையில் உட்கார்ந்தன. பனியோடு அந்த ஓட்டைக்கு உண்மையான உறவு இப்படித்தான் வந்தது, மூடி இருந்த இடத்தில் ஹீட்டர் மூலமாக.

அப்படியானால் மூடியின் நிஜ எதிரி யார்? துரு. அதுவும் உள்பக்கத்திலிருந்து. கூலன்ட்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து காலப்போக்கில் தீர்ந்துபோகும். அதன்பின் மெல்லிய எஃகு மூடியை உள்ளிருந்து அரிக்க ஆரம்பிக்கும். வெளியே தெரியும்போது ஊசிமுனை ஓட்டையும் கீழே இறங்கும் செம்பழுப்புக் கோடும்தான். நாமக்கல் லாரியில் தண்ணீர் உறையப் போவதில்லை. ஆனால் கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றினால் இதே கதிதான்.

எந்த மூடி வாங்குவது என்ற கேள்விக்குப் பதில் இங்கிருந்துதான் வருகிறது. எஃகு மலிவு, ஆனால் துருப்பிடிக்கும். பித்தளை விலை கூடுதல், துருப்பிடிக்காது, மென்மை என்பதால் ஓட்டைக்கு நன்றாகப் படியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அதிக நாள் உழைக்கும், ஆனால் விறைப்பானது, ஓட்டை துல்லியமாக இருக்க வேண்டும். பிளைவீல் பக்கத்து மூடி ஒழுகினால் கியர் பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கும். அங்கே எஃகு போட்டு மிச்சம் பிடிப்பது, ஒருநாள் கூலியில் பல மடங்காகத் திரும்பி வரும். போல்ட்டை இறுக்கினால் விரியும் ரப்பர் மூடி, வழியில் மாட்டிக்கொண்டால் வண்டியை ஊர் சேர்க்கத்தான்.

மாட்டுவதில் அவசரம் கூடாது. முதலில் கூலன்ட்டை வடிக்க வேண்டும். பழைய மூடியின் ஒரு ஓரத்தில் தட்டினால் அது திரும்பி நிற்கும், கட்டிங் பிளேயரால் பிடித்து இழுக்கலாம். உள்ளே விழவிடக் கூடாது. ஓட்டையின் சுவரைத் துருவின்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விட்டத்தை அளந்து, சீலன்ட்டை மெல்லிசாகத் தடவ வேண்டும். கிண்ணத்துக்குள் சரியாக உட்காரும் டிரைவரை வைத்து நேராகத் தட்டி, மூடியின் விளிம்பு ஓட்டை வாயின் சரிவுக்குச் சற்று உள்ளே போனதும் நிறுத்திவிட வேண்டும். கோணலாகப் போனால் எடுத்துவிட்டுப் புது மூடியோடு மறுபடி ஆரம்பிப்பதே நல்லது.

பழைய இன்ஜினில் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினால், சில சமயம் துருச் சேற்றோடு நறநறவென்று மணலும் வரும். பட்டறையில் யாரோ கொட்டியும் முழுசாகக் கொட்டாமல் விட்ட கோர் மணல். புது மூடியை அடிப்பதற்கு முன் அதையும் கழுவி வெளியேற்றிவிடுவது நல்லது.