தமிழ்த் திகில் படங்களில் ஒலியும் மௌனமும்

தமிழ்த் திகில் படங்களில் அச்சமூட்டும் பொறுப்பு பாட்டு, பின்னணி இசை, எஃபெக்ட்ஸ் என்று காலந்தோறும் கைமாறி வந்திருக்கிறது. மௌனத்துக்கு அதில் பங்கு கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

துப்பறியும் கதைதான் என்றாலும் 'அந்த நாள்' (1954) படத்திலிருந்தே இவ்வரலாற்றைத் தொடங்க வேண்டும். ஏவி.எம். தயாரித்து வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய இப்படத்தில் பாட்டே கிடையாது. பாட்டில்லாத படத்தைத் துணிந்து தந்தவர் ஒரு சங்கீத வித்வான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 'நடு இரவில்' (1970) படத்தை இயக்கியதோடு அதற்கு இசையமைத்தவரும் அவரே.

ஆயினும் அவர் வழியில் அதிகம் பேர் போகவில்லை. இந்தி 'வோ கௌன் தி'யின் தமிழாக்கமான 'யார் நீ' (1966) படத்தில், வேதாவின் இசையில் பி. சுசீலாவின் குரல் ஒலிக்கும். பாடுபவள் உயிரோடிருப்பவள்தானா என்ற ஐயம் அந்தக் குரலின் இனிமையையே திகிலாக்கிவிடும். பாடும் பேய் அதன்பின் தமிழ்த் திரையை விட்டுப் போகவே இல்லை.

பாட்டில்லாமல் பின்னணி இசையே அச்சமூட்டவும் முடியும். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் (1960) இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டுமே பயன்படுத்தினார். உச்ச ஸ்தாயியில் கீறும் வயலின்கள் மனித அலறல் போலவே காதில் விழுகின்றன. அப்படத்தின் சாயல் கொண்ட 'மூடுபனி' (1980) இளையராஜாவின் நூறாவது படம்.

இசை மட்டுமல்ல, ஒலி வரும் இடமும் மாறியது. ஒற்றைத் தட ஒலியான மோனோ காலத்தில் எல்லா ஒலியும் திரைக்குப் பின்னாலிருந்தே வந்தது. 1990களில் வந்த டி.டி.எஸ். போன்ற டிஜிட்டல் முறைகள் அதைப் பார்வையாளரின் முதுகுப்புறத்துக்கும் கொண்டுவந்தன. இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஃபிலிமில் ஒலி பதிந்திருக்கும் ஆப்டிகல் டிராக்கில் எப்போதும் மெல்லிய இரைச்சல் இருக்கும். அது நீங்கிய பிறகே தியேட்டரில் முழு நிசப்தம் கைகூடியது.

2009இல் வந்த இரு படங்கள் அன்றாட ஒலிகளைக் கையிலெடுத்தன. அறிவழகனின் 'ஈரம்', தமனின் இசையோடு, தண்ணீரையே பேயின் வருகையாக்கியது. விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' அடுக்குமாடி வீட்டின் டி.வி. சீரியலைத் திகிலாக்கியது. பின்னர் பெருகிய பேய்-நகைச்சுவைப் படங்களில் திடீர்ச் சத்தம் மிகுந்தது. அது தரும் திடுக்கிடல் அச்சமாக வளர்வதில்லை. அடுத்த சிரிப்பிலேயே கரைந்துவிடுகிறது.

மிஷ்கினின் 'பிசாசு' (2014) வேறு திசையில் சென்றது. நாயகன் வயலின் கலைஞன். அரோல் கொரேலியின் இசை பேயின்மேல் இரக்கத்தை வரவழைக்கிறது.