எளிய அறிவியல் எழுத்து

ஒரு துறையின் நுட்பங்களை, அதைப் படிக்காதவருக்கும் பிழையின்றி விளங்கும்படி எழுதுவது எளிய அறிவியல் எழுத்து. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884), 1860களில் தமிழ்வழிப் பாடத்துக்கு மாறி மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அவை மாணவருக்கானவை. பொது வாசகருக்காகவே எழுதியவர்களில் முன்னோடி பெ.நா. அப்புசாமி (1891–1986). தொழிலால் வழக்கறிஞரான இவர் 1917 முதல் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். பின்னாளில் எழுத்தாளர் சுஜாதா இதையே கேள்வி-பதிலாக வார இதழ் வாசகரிடம் கொண்டுசேர்த்தார்.

இந்த எழுத்தின் சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைக் காதங்கியை வைத்துப் பார்க்கலாம். சித்தூர்–திருப்பதி சாலையில், பாகாலா அருகே உள்ள இவ்வூரில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின், காற்றை அளக்கும் எம்.எஸ்.டி. ராடார் இயங்குகிறது. 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண், 1,024 யாகி ஆன்டெனாக்கள் என்று தொடங்கினால் வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். மேகமோ மழையோ இல்லாத வெறும் வானத்தில் ராடார் எதைப் பார்க்கிறது என்று கேட்டால் நிற்பார்.

காற்று எங்கும் ஒரே சீராக இல்லை. வெப்பமும் ஈரமும் இடத்துக்கு இடம் மாறி, சுழல்களாகக் கலங்குகின்றன. மேலே அனுப்பும் ரேடியோ அலையில் மிகச் சிறு பங்கு இந்தக் கலக்கங்களில் பட்டுத் திரும்புகிறது. காற்று நகர்ந்தால் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே மாறும்; அதிலிருந்து காற்றின் வேகம் கணக்கிடப்படுகிறது. ரேணிகுண்டாவைக் கடக்கும் ரயிலின் ஊதல் நெருங்கும்போது உச்சமாகவும் விலகும்போது தாழ்வாகவும் கேட்பது இங்கே உதவும். ஆனால் ஒலி பரவக் காற்று வேண்டும், ரேடியோ அலைக்கு வேண்டாம். உவமை எதுவரை செல்லும் என்பதையும் எழுதுகிறவரே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு சோதனை உண்டு. 'தரைக்கு மேல் 85 கிலோமீட்டர் வரை காற்றை அளக்கும் ராடார்' என்பது கச்சிதமான வாக்கியம், ஆனால் தவறு. ஏறத்தாழ 25 கிலோமீட்டருக்கு மேல் எதிரொலி மங்கிவிடும். மீண்டும் கிடைப்பது 60 கிலோமீட்டருக்கு மேல்தான், அதுவும் பெரும்பாலும் பகலில். எளிமை கருதி இந்த இடைவெளியை விட்டுவிடும் கட்டுரை, எவ்வளவு சரளமாக இருந்தாலும், வாசகருக்குத் தவறான தகவலையே தருகிறது.