லாக் கேபின்: அடுப்பா, தேர்தலா?

நடுவில் சிவப்பாக ஒரு சின்னச் சதுரம். அதைச் சுற்றிச் சுற்றி நீளவாக்கில் துணிக்கீற்றுகள். மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கம் வெளிர்நிறம், மறுபக்கம் அடர்நிறம். அமெரிக்காவில் இந்த ஒட்டுத்துணிப் போர்வைக்கு ‘லாக் கேபின் குவில்ட்’ என்று பெயர். லாக் என்றால் மரக்கட்டை, கேபின் என்றால் குடில். பெயர்க்காரணம் கேட்டால் மனப்பாடமாக ஒரு பதில் வரும்: சிவப்புச் சதுரம் குடிலின் அடுப்பு, மஞ்சளாக இருந்தால் சன்னலில் வைத்த விளக்கு, கறுப்பாக இருந்தால், தப்பி ஓடிவரும் அடிமைகளுக்கு ‘இங்கே தங்கலாம்’ என்று காட்டும் சங்கேதம். கேட்க மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆதாரம் ஒன்றுக்கும் இல்லை.

கறுப்பிலிருந்து தொடங்கலாம். குவில்ட்டுகளில் சங்கேதம் இருந்தது என்ற கதையை ஊரறியச் செய்தது, ஜாக்குலின் டோபின், ரேமண்ட் டோபார்ட் இருவரும் 1999-இல் வெளியிட்ட ‘ஹிடன் இன் பிளெய்ன் வியூ’ என்ற நூல். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் குவில்ட் விற்ற ஒரு மூதாட்டி சொன்ன குடும்பக் கதைதான் அதன் அடித்தளம். ஆனால் தப்பிவந்தவர்களை நேரில் சந்தித்து, அவர்கள் கதைகளை எழுதிவைத்த வில்லியம் ஸ்டில் 1872-இல் வெளியிட்ட பெரும் நூலில் இப்படி ஒரு போர்வை இல்லை. ஃபிரெடரிக் டக்ளஸ் தாம் தப்பிய கதையைத் தாமே எழுதினார்; அவரிடமும் இல்லை. ஆனாலும் நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் அதே டக்ளஸுக்கு நினைவிடம் அமைத்தபோது, குவில்ட் சங்கேதத்தை அதில் பதிக்கத் திட்டமிட்டார்கள். 2007-இல் வரலாற்றாசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. காலமும் பொருந்தவில்லை. லாக் கேபின் குவில்ட்டுகள் கண்ணில் படத் தொடங்குவது 1860-களில். 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்துவிட்டது. சங்கேதம் பழகிப் பரவ அவகாசம் எங்கே?

சிவப்புக்கு வருவோம். சிவப்பு நடுச்சதுரம் பரவலாகக் கிடைப்பது உண்மை. அதற்கு அடுப்பைத் தேடிப் போகவேண்டாம், சாயத்தொட்டியைப் பார்த்தால் போதும். அந்தக் காலச் சிவப்புகள் பலவும் துவைத்தால் கரையும். பக்கத்தில் வெள்ளைத் துணி இருந்தால் அதையும் கெடுக்கும். எண்ணெயும் படிகாரமும் ஏற்றிச் சாயமிடும் ‘துருக்கிச் சிவப்பு’ கரையாது. 18-ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சாயக்காரர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன நுட்பம் அது. நிறம் நிற்கிற துணியை நடுவில் வைப்பது தையல்காரியின் சாதாரண எச்சரிக்கை, அவ்வளவே. சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகளுக்குச் சிவப்புத் தந்த இம்பூறல் வேரிலும் துருக்கிச் சிவப்பின் சாயப்பொருளான அதே அலிசரின்தான் இருக்கிறது. நாம் சாயவேர் என்கிறோம். ஆங்கிலேயர் அதைத்தான் ‘சே ரூட்’ என்று எழுதிக்கொண்டார்கள். 

மஞ்சள் விளக்கைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

‘குவில்ட்’ என்ற சொல்லே இந்தப் போர்வைக்குச் சரியாகப் பொருந்தாது. பழைய பிரெஞ்சு ‘கில்ட்’ வழியாக லத்தீன் ‘குல்கிதா’வுக்குப் போகும் சொல் அது, திணித்த மெத்தை என்பது பொருள்.  ‘குல்கிதா புங்க்தா’, அதாவது குத்தித் தைத்த மெத்தை, பிரெஞ்சில் சிதைந்து ஆங்கிலத்தில் ‘கவுன்டர்பேன்’ ஆயிற்று. ‘புங்க்தா’வுக்கு நம் பழஞ்சொல் துன்னம், சிலப்பதிகாரத்து மருவூர்ப்பாக்கத்தின் துன்னகாரரை மறந்தவர் இருக்கமாட்டார்கள். ஆனால் லாக் கேபினில் துன்னம் அரிது. ஒவ்வொரு கீற்றையும் ஓர் அடித்துணியின்மேல் வைத்து, முந்தைய கீற்றோடு சேர்த்துத் தைத்து, மடித்துத் திருப்புகிறார்கள். அடித்துணியும் மடிப்பும் சேர்ந்தே கனம் தந்துவிடுவதால் பல போர்வைகளில் நடுவே பஞ்சு கிடையாது. அடுக்குகளை ஊடுருவித் தைப்பதற்குப் பதில், அங்கங்கே நூலால் முடிச்சுப் போட்டு நிறுத்திவிடுவார்கள்.

‘கேபின்’ இன்னொரு வேடிக்கை. பின்னாளைய லத்தீனில் ‘கபன்னா’. செவில்லே நகரத்து இசிதோர், 636-இல் இறந்தவர், இதற்கு மூலம் சொன்னார்: லத்தீனில் ‘கபெரே’ என்றால் கொள்ளுதல், ஒரே ஆளைத்தான் கொள்ளும், ஆகவே கபன்னா. இவ்வகைப் பொருந்தப் பொய்சொல்லும் கலை புதிதல்ல என்பதற்காகவே இது இங்கே வருகிறது. மரக்கட்டைகளை மூலையில் வெட்டிக் கோத்து வீடு கட்டும் முறையும் ஆங்கிலேயர் கொண்டுபோனதல்ல. 1638-இல் டெலவேர் ஆற்றங்கரையில் குடியேறிய ஸ்வீடன்காரர்களும் ஃபின்லாந்துக்காரர்களும் கொண்டுவந்தது. பிளிமத்தில் இறங்கிய முதல் ஆங்கிலேயர்கள் மரக்கட்டைக் குடிலில் வாழ்ந்தார்கள் என்ற படத்தை ஹரால்ட் ஷர்ட்லெஃபின் ‘தி லாக் கேபின் மித்’ 1939-இலேயே கிழித்துவிட்டது. நாட்காட்டி அச்சிடுகிறவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

அமெரிக்காவை விட்டு வெளியே வந்தால் பெயர் மாறுகிறது. லண்டனில் கால்ஃபீல்டும் சாவர்டும் 1882-இல் வெளியிட்ட தையல்கலை அகராதி இதை ‘லாக்ஹவுஸ்’ என்று பதிந்து, பிறப்பிடம் கனடா என்கிறது. ஐல் ஆஃப் மேன் தீவில் இதே அமைப்புக்குப் பெயர் ‘கூரை’. அங்கே அளவுகோல் கிடையாது. துணியைக் கிழித்து, உள்ளங்கையாலும் கட்டைவிரலாலும் அளந்தே தைத்தார்கள். அமெரிக்காவுக்குள்ளேயே, அலபாமாவில், ஆற்று வளைவுக்குள் கிடக்கும் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் ஊரிலும் சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கும் இவ்வகைப் போர்வைக்கு ‘ஹவுஸ்டாப்’ என்றே பெயர். அதுவும் வீட்டுக் கூரைதான். இந்த ஊர்ப் பெண்களின் குவில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டன் கலைக்கூடத்திலும் பிறகு நியூயார்க் விட்னியிலும் தொங்கின. கடல்கடந்த இரண்டு இடங்களில் கூரை தெரிந்திருக்கிறது. அடுப்பை எவரும் பார்க்கவில்லை. எகிப்தியப் பூனை மம்மிகளின் துணிச்சுற்றைப் பார்த்து இங்கிலாந்துப் பெண்கள் காப்பியடித்தார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்து மம்மிகளில் சதுரச் சதுரமான பின்னல் இருப்பது மெய். ஆனால் பூனை மம்மிகள் டன் கணக்கில் லிவர்பூலில் இறங்கியது 1890-இல். அவையும் வயலுக்கு உரமாகிப் போயின. வடிவம் ஒத்தால் உறவு என்று முடிவுகட்டினால், கோலத்துக்கும் பங்கு கொடுக்க வேண்டிவரும்.

அப்படியானால் ‘லாக் கேபின்’ எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தேர்தலிலிருந்து. 1840-இல் விக் கட்சியின் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசன். கிழவருக்கு ஒரு பீப்பாய் சைடர் மதுவும் ஓய்வூதியமும் கொடுத்தால் மரக்குடிலில் உட்கார்ந்து காலம் தள்ளுவார் என்று பால்டிமோர் பத்திரிகை ஒன்று ஏளனம் செய்தது. விக்குகள் அந்த ஏளனத்தையே கொடியாக்கிக்கொண்டார்கள். ஊர்வலத்தில் மரக்குடில், பொத்தானில் மரக்குடில், அச்சிட்ட பருத்தித் துணியில் மரக்குடில். ஹொரேஸ் கிரீலி நடத்திய பிரசார ஏட்டின் பெயரே ‘தி லாக் கேபின்’. ஹாரிசன் பிறந்ததோ வர்ஜீனியாவின் பெர்க்லி தோட்ட மாளிகையில். இருபது ஆண்டு கழித்து, உண்மையாகவே கென்டக்கியில் மரக்குடிலில் பிறந்த ஆபிரகாம் லிங்கன் வந்தார்.

குவில்ட்டுக்குத் தேர்தல் பெயர் வைப்பது அமெரிக்காவில் புதிதல்ல. ‘விக் ரோஜா’ உண்டு. விக் தலைவர் ஹென்றி கிளே பெயரில் ‘கிளேயின் தேர்வு’ உண்டு. ஓரிகன் எல்லைத் தகராறின் முழக்கமான ‘ஐம்பத்துநான்கு நாற்பது, இல்லையேல் போர்’ என்பதுகூடப் போர்வையின் பெயராகி மெத்தையில் படுத்துக்கொண்டது. அந்தந்தக் காலத்தில் பேச்சில் அடிபடுவது பெயராகிறது. ஓரத்தில் ஒட்டும் கரையும் இதற்குச் சாட்சி: எஞ்சிய கீற்றுகளை ஒரே நீளத்துக்கு வெட்டிப் பக்கம்பக்கமாக அடுக்கும் கரைக்கு ‘பியானோ கீ’ என்று பெயர். கூடத்தில் பியானோ வைத்த வீடுகளின் பெயர் அது, குடிசையின் பெயரல்ல.

இந்தக் கரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், பெயர்க்கதை சொல்கிறவர்கள் தொடாத இடம்.   துண்டுகளால் ஆன கரை, துண்டுகளால் ஆன நடுப்பகுதியோடு ஒத்துப்போவது சிரமம். இரண்டு அங்குல நடுச்சதுரம், சுற்றிலும் மூன்று சுற்று ஓரங்குலக் கீற்று என்றால் கட்டம் எட்டு அங்குலம். ஆறு கட்டம் அகலம் 48 அங்குலம். இரண்டு அங்குல ‘கீ’ வைத்தால் கரைக்கு 24 துண்டு. கணக்கு சுத்தம். ஆனால் தையல் விளிம்பு அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு கூடிவிட்டால், ஒவ்வொரு தையலிலும் 16-இல் ஒரு பங்கு போகும். நடுப்பகுதியில் குறுக்கே 41 தையல். இரண்டரை அங்குலத்துக்கு மேல் சுருங்கும். கரையில் 23 தையல்தான், ஒன்றரைகூடச் சுருங்காது. ஆக, கரை ஓர் அங்குலத்துக்குமேல் நீண்டு நிற்கும். அதை அப்படியே இழுத்து ஒட்டினால் ஓரம் அலையலையாக நெளியும். தெரிந்தவர்கள் நடுப்பகுதியின் ஓரத்தை அளப்பதில்லை. நட்டநடுவே குறுக்காக அளந்து, கரையின் சில தையல்களைப் பிடித்துச் சரிசெய்கிறார்கள்.

‘1840-இலேயே முழக்கம் இருந்தால், குவில்ட் ஏன் 1860-களில்தான் வருகிறது?’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். கேள்வி நியாயமானது. சிங்கர் தையல் மெஷின் 1851-இல் காப்புரிமை பெற்றது, 1856 முதல் தவணையில் கிடைத்தது. நீண்ட நேர்த்தையலுக்கு அதைப்போல் வேறொன்றில்லை. கையால் தைத்த லாக் கேபின்களும் இருப்பதால் இதைமட்டும் வைத்து வழக்கை முடிக்க முடியாது. ஆனாலும் கீற்று தைக்கும் முறை பழையது, கடலின் இரு கரைக்கும் பொது. ‘லாக் கேபின்’ என்ற பெயர்மட்டும் லிங்கனின் 1860 பிரசாரத்தில் ஒட்டியிருக்க வேண்டும். சிவப்பு அடுப்புக்காரர்கள் அதற்கு முந்தைய ஒரு கடிதத்தையோ நாட்குறிப்பையோ கொண்டுவரும்வரை இதை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.