தோளுக்கு அமைந்த துவக்கு

வன்னியில் துவக்கு என்றதும் இன்றைய வாசகரின் நினைவுக்கு வருவது போரே. 1980களின் தொடக்கத்திலிருந்து 2009 மே மாதம் வரை இம்மண் கண்ட துவக்குகளிற் பெரும்பாலானவை மனிதனை மனிதன் சுடுவதற்கென வந்தவை. ஆயினும் அதற்கு முன்னர் நெடுங்காலமாக இங்கு வேறொரு துவக்கு வாழ்ந்தது. வயல் வரம்பிலும், காவற்பரணிலும், குளத்து அலைகரையிலும் பன்றிக்கும் யானைக்கும் எதிராகக் காத்திருந்த வேட்டைத் துவக்கு அது. அத்தகைய ஒரு கருவியை அழகானது என்று சொல்ல வைப்பது எது, நன்கு அமைந்தது என்று சொல்ல வைப்பது எது என்ற வினாவைச் சற்று வரலாற்று நோக்கில் ஆராயலாம் என எண்ணுகிறேன். அவ்வினாவின் விடைக்கும் இன்று கிளிநொச்சியின் காட்டோரங்களில் நிகழும் சாவுகளுக்கும் தொடர்பு உண்டு என்பதே அதற்கான காரணம்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். தமிழகத்தார் 'துப்பாக்கி' என்பதை நாம் 'துவக்கு' என்கிறோம். சிங்களவர் 'துவக்குவ' என்பர். மூன்றும் துருக்கிய மொழியிலுள்ள ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. துவக்கின் கட்டையை நாம் 'பிடங்கு' என்கிறோம். தோளில் பதிவதும், கன்னத்தைத் தாங்குவதும், உதையை உடலுக்குக் கடத்துவதும் அதுவே. இக்கட்டுரையின் பெரும்பகுதி இந்தப் பிடங்கைப் பற்றியதே.

கண்டியின் எழில்

இலங்கையில் துவக்குக் கலை ஐரோப்பாவுக்குக் கடன்பட்டுத் தொடங்கியதாயினும், விரைவிலேயே தன் காலில் நின்றது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் வந்திறங்கினர். அந்நூற்றாண்டு முடிவதற்குள், 1596இல் வெளிவந்த தமது நூலில், ஒல்லாந்தப் பயணி லின்சோட்டன் இத்தீவின் கொல்லர்கள் செய்யும் துவக்குக் குழல்களுக்கு நிகரானவை பிற இடங்களில் அரிது என வியந்து எழுதினார். அவை வெள்ளிபோல் ஒளிர்ந்தனவாம்.

கண்டியரசின் துவக்குகளை நூதனசாலைகளில் பார்த்தவர்கள் அவற்றை எளிதில் மறக்கமாட்டார்கள். பிடங்கின் முனை இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். மரத்தின் மீது தந்தமும் வெள்ளியும் இழைத்திருக்கும். ஐரோப்பியத் துவக்குகளில் வலப்புறம் இருக்கும் பூட்டு இங்கு இடப்புறம் அமைந்திருக்கும். 1765இல் ஒல்லாந்தப் படை கண்டியைச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற பொருட்களில் லெவ்கேயின் பீரங்கி எனப்படும் சிறு பீரங்கியும் இரு பெருந்துவக்குகளும் அடங்கும். ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் நீண்டகாலம் இருந்த அவை 2023 டிசம்பரில் இலங்கைக்குத் திருப்பிக் கையளிக்கப்பட்டன.

ஆயின் இவ்வகை எழில் அரசவைக்குரியது. அணியாக இழைத்த வேலைப்பாடு உரிமையாளனின் பெருமையைச் சொல்லும். அவனுடைய தோளின் அளவைச் சொல்லாது. மழையில் நனைந்து முள்ளில் உரசும் வேட்டைக் கருவிக்கு வேண்டியது வேறுவகை அழகு.

வன்னியின் யானைகள்

வன்னியில் யானைக்கும் துவக்குக்குமான உறவு பிற்காலத்தது. வன்னிச் சிற்றரசர்கள் யானைகளையே திறையாகச் செலுத்தினர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அத்திறையை வற்புறுத்தி வாங்கினர். பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவுக் களப்பைக் கடந்து யாழ்ப்பாணம் சென்று, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டுக் கப்பலேறின. உயிருள்ள யானைக்கே விலை இருந்ததால் அதனைச் சுடுவது நட்டமாக இருந்தது.

பிரித்தானியர் காலத்தில் நிலை தலைகீழானது. யானை பயிரழிக்கும் விலங்காகக் கருதப்பட்டு, கொல்லப்பட்ட ஒவ்வொன்றுக்கும் அரசு வெகுமதி வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கும் அதிகமான யானைகள் கொல்லப்பட்டதாகக் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். அந்தத் தொகையை வாசிக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

அதே காலத்தில் இத்தீவில் வேட்டையாடியவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்ற அதே மனிதர்தாம். அவர் தம் கருத்துக்கேற்ப 1840இல் பிரிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் ஒரு றைபிளைச் செய்வித்தார். எடை 21 இறாத்தல். குழல் 36 அங்குலம். ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோகிராம் கனமுள்ள அக்கருவியைச் சாதாரண உடல்வாகு உள்ளவர் தோளுக்குத் தூக்குவதே கடினம். ஆனால் பேக்கர் வலிய உடலினர். பெருமளவு கருமருந்து வெடிக்கும்போது எழும் உதையைத் தாங்க அந்த எடை வேண்டியிருந்தது. அவருக்கு அது பொருந்தியது. பிறருக்கு அது ஒரு சுமை. நல்ல துவக்கு என்று பொதுவாக ஒன்றில்லை, ஒருவருக்கு நல்ல துவக்கு என்பதே உண்டு என்ற பாடத்தை அந்தப் பூதாகாரமான கருவி நமக்குத் தருகிறது.

தையற்காரனும் துவக்குக்காரனும்

இந்தப் பாடத்தை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தவர்கள் இலண்டனிலும் பேர்மிங்காமிலும் இருந்த துவக்குத் தொழிலாளர்கள். 1814இல் தொடங்கிய பேர்டி, 1835இல் தொடங்கிய ஹொலண்ட், டப்ளினில் 1775இல் தோன்றிப் பின்னர் இலண்டனுக்கு வந்த றிக்பி ஆகியன அவற்றுட் பெயர்பெற்றவை. அங்கு துவக்கு வாங்குவது ஏறத்தாழ உடுப்புத் தைப்பிப்பது போன்றது. வாடிக்கையாளரின் கை நீளம், கழுத்து, தோள், கன்னம் யாவும் அளக்கப்படும்.

மூன்று அளவுகள் முக்கியமானவை. முதலாவது, விசையிலிருந்து பிடங்கின் அடி வரையிலான நீளம். பெரும்பாலோருக்கு இது 14 அங்குலத்தை ஒட்டியும் சற்றுக் கூடியும் வரும். நீளம் மிகுந்தால் பிடங்கு உடுப்பிற் சிக்கும். குறைந்தால் உதைக்கும்போது பெருவிரல் மூக்கில் மோதும். இரண்டாவது, கன்னம் பதியும் மேல்விளிம்பு குழலின் கோட்டிலிருந்து எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது. மூன்றாவது, பிடங்கு குழலின் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு பக்கவாட்டில் விலகியிருக்கிறது என்பது. வலக்கைக்காரருக்கு அது மிகச் சிறிதளவு வலப்புறம் சாய்ந்திருக்கும். கண்ணால் எளிதிற் காணமுடியாத இச்சாய்வே கழுத்தை வளைக்காமல் கண்ணைக் குழலின் நேருக்குக் கொண்டு வருகிறது.

இவை சரியாக அமைந்துவிட்டால் ஒரு விந்தை நிகழும். கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளுக்கு உயர்த்தி, பின்னர் கண்ணைத் திறந்தால், குழல் நுனியிலுள்ள சிறுமணி பார்வைக்கு நேரே நிற்கும். தேட வேண்டியதில்லை. புதருக்குள்ளிருந்து விலங்கு வெளிப்படும் அந்த ஓரிரு கணங்களில், தேடாமல் கிடைக்கும் குறியே ஒரே வெடியிற் கொல்வதற்கும் காயப்படுத்தி ஓடவிடுவதற்கும் உள்ள வேறுபாடு.

பிடங்குக்கு உரிய மரம் வால்நட். பல ஆண்டுகள் உலரவிட்ட பலகையையே எடுப்பர். கை பற்றும் ஒடுங்கிய கழுத்துப்பகுதியில் மரத்தின் இழை நேராக ஓடவேண்டும். இல்லையேல் உதையில் அவ்விடத்திலேயே பிளக்கும். பின்பகுதியில் இழை சுழித்துப் புகைபோலப் படர்ந்திருந்தால் அது கண்ணுக்கு விருந்து. வலிமை வேண்டிய இடத்தில் ஒழுங்கு, வலிமை வேண்டாத இடத்தில் கோலம் என்பது இக்கலையின் இலக்கணம்.

இரும்பையும் மரத்தையும் பொருத்தும் முறை இன்னும் நுட்பமானது. இரும்புப் பாகத்தில் விளக்குக்கரியைப் பூசி மரத்தில் வைத்து எடுப்பார் தச்சர். கரி ஒட்டிய இடம் மேடு. அதனைச் செதுக்கி மறுபடியும் வைப்பார். பரப்பு முழுவதும் கரி சமமாகப் படியும்வரை இவ்வேலை தொடரும். பிடிக்குமிடத்தில் வெட்டப்படும் நுண்ணிய சதுரக் கோடுகள் வியர்த்த கை வழுக்காதிருப்பதற்கானவை. ஆளிவிதை எண்ணெய் மரத்தின் துளைகளை அடைத்து ஈரத்தைத் தடுப்பது. அழகென நாம் காண்பனவற்றுள் பல, பயனின் மெருகேறிய வடிவங்களே.

இரட்டைக்குழல் றைபிளின் கதை தனி. இரண்டு குழல்களும் குறித்த தூரத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தைத் தாக்க வேண்டும். இதனைக் கணக்கிட்டு மட்டும் செய்துவிட முடியாது. சுட்டுப் பார்த்து, குழல்களுக்கிடையிலுள்ள ஆப்பை நகர்த்தி, மீண்டும் ஒட்டி, மீண்டும் சுட்டுப் பார்ப்பார்கள்.

இக்கலையின் புகழ்பெற்ற சான்று நமது பிராந்தியத்திலேயே உண்டு. குமாவுன் மலைப்பகுதியில் 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் சுட்டு வீழ்த்திய ஜிம் கோர்பெற்றுக்கு, ஐக்கிய மாகாணங்களின் துணை ஆளுநர் ஒரு 275 றிக்பி றைபிளைப் பரிசளித்தார். ஜேர்மனியின் மவுசர் பொறிமுறையில் அமைந்த, இலேசான, ஆடம்பரமற்ற கருவி அது. கோர்பெற் அதனைப் பல்லாண்டு தூக்கித் திரிந்தார். பிற்காலத்தில் புலிகளைக் காப்பதற்காக எழுதியவரும் அவரே.

வன்னியின் தோள்

இனி நம் ஊருக்கு வருவோம். இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய குளங்களின் கீழ் குடியேறியவர்களுக்குக் காடு பக்கத்து வீடு. அவர்கள் கையில் றைபிள் இருந்தது அரிது. றைபிளின் குழலுக்குள் சுருளாகப் பள்ளம் வெட்டப்பட்டிருப்பதால் சன்னம் சுழன்று நெடுந்தூரம் நேராகச் செல்லும். வன்னி விவசாயிக்கு அத்தூரம் தேவைப்படவில்லை. இரவில், வரம்போரத்தில், சில பாக தூரத்திற்குள் வரும் பன்றிக்கு வழுவழுப்பான குழலுடைய சொட்கன்னே போதுமானது. அதுவும் இல்லாதவரிடம் இருந்தது இடியன். கருமருந்தும் தும்பும் ஈயமும் வாய்வழியே இட்டு இடித்து நிரப்பப்படும் அக்கருவியில் ஒரு வெடிக்கு மேல் உடனடியாகக் கிடையாது. ஆகவே பொறுமையும் குறியும் அதனைக் கையாள்பவனுக்குக் கட்டாயமாயின.

இலண்டன் தச்சரின் அளவுகோல் இங்கு எட்டவில்லை. ஆனால் பொருத்தம் வேறு வழியில் வந்தது. ஒரே துவக்கைப் பல்லாண்டு கையாண்டவனின் உடல் அத்துவக்கின் வளைவுக்கு இசைந்துவிடும். அங்கே துவக்கு உடலுக்கு அளந்து செய்யப்பட்டது. இங்கே உடல் துவக்குக்குப் பழகிக்கொண்டது. எவ்வாறாயினும் இரண்டிலும் ஒரு தோள் இருந்தது, ஒரு கண் இருந்தது, விசையை அழுத்துமுன் தீர்மானித்த ஒரு மனிதன் இருந்தான். சினைப்பட்ட மானையோ, வழி தவறி வந்த அயலவனின் மாட்டையோ கண்டால் துவக்கைத் தாழ்த்த அவனால் முடிந்தது.

1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இந்த மனிதனையே நோக்கின. உரிமப் பத்திரத்தில் ஒரு பெயர் இருக்கும். அப்பெயருக்குரியவன் பதில் சொல்லவேண்டும். சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாக்கப்பட்டது. 2015இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது.

போர் இந்த ஒழுங்கைக் குலைத்தது. உரிமத் துவக்குகள் பல வழிகளிற் கைமாறின; பல வீடுகளில் அவை மறைந்தே போயின. மீள்குடியேற்றத்தின் பின்னர் மக்கள் வயலுக்குத் திரும்பினர். அதற்குள் காடு வளர்ந்திருந்தது, விலங்குகளும் திரும்பியிருந்தன. அவ்விடைவெளியில் இடம்பிடித்தவற்றுள் ஒன்றுதான் கட்டுத்துவக்கு.

கட்டுத்துவக்கு என்பது மரத்திற் கட்டிவைக்கும் ஓர் இரும்புக்குழாய். விலங்கு நடமாடும் தடத்தின் குறுக்கே கம்பியோ நூலோ இழுத்திருக்கும். அதில் எது தட்டினாலும் வெடிக்கும். பன்றியா, சிறுத்தையா, விறகு பொறுக்க வந்த பெண்ணா என்று அதற்குத் தெரியாது. யானையின் காலில் தைத்த ஈயம் வாரக்கணக்கில் சீழ்கட்டிக் கொல்லும். இது சட்டவிரோதமானது, ஆயினும் தொடர்கிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 400க்கும் அதிகமான யானைகள் மாண்டன. துவக்குச் சூடு அவற்றின் முக்கிய காரணங்களுள் ஒன்று.

கட்டுத்துவக்கைச் செய்பவனை மட்டும் குற்றஞ்சாட்டி ஒதுங்கிவிட முடியாது. ஓரிரவில் ஒரு போகத்தையே இழப்பவனின் கோபம் நியாயமானது. மின்வேலியும், உரிய காலத்தில் நட்டஈடும், முறையான உரிமத்துடன் பயிர்க்காவற் துவக்கும் அவனுக்குக் கிடைக்காதவரை சட்டப் புத்தகம் அவனுடைய வயலைக் காக்கப் போவதில்லை.

கட்டுத்துவக்கில் பிடங்கு கிடையாது என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். பிடங்கு வேண்டாத துவக்கு தோள் வேண்டாத துவக்கு. தோள் இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை. வால்நட் மரமும் வெள்ளி வேலைப்பாடும் வன்னி விவசாயிக்கு வேண்டியதில்லை. ஆனால் அவன் கைக்கு வரும் துவக்கு அவன் தோளில் பதியட்டும், அவன் பெயரில் பதியட்டும்.